ஒரு இன்ச் தண்ணீர், 350 யூனிட்

ஜனவரி மாதத்தில் ஊட்டிப் பக்கத்து எமரால்டில் விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போவதற்கு ஒன்று வேண்டுதல் இருக்க வேண்டும், இல்லை கடன் இருக்க வேண்டும். எனக்கு இரண்டாவது. டார்ச் அடித்தால் புல் முழுக்க உப்பைத் தூவி வைத்த மாதிரி வெள்ளையாகத் தெரியும். உறைபனி. வெயில் ஏறி அதன் மேல் விழுவதற்குள் ஸ்பிரிங்ளர் போட்டு இலையைக் கழுவிவிட வேண்டும். விட்டால் பத்து மணிக்கெல்லாம் உருளைக்கிழங்குச் செடி வெந்நீர் ஊற்றியது போலக் கருகித் தொங்கிவிடும். இந்த மலையில் ஜனவரி, பிப்ரவரியில் நட்டுத் தண்ணீர் பாய்ச்சி எடுக்கிற போகத்துக்குப் பெயரே நீர்ப்போகம்தான். மழையை நம்பினால் அது கார்போகம், கடைப்போகம். நீர்ப்போகத்தில் ஓடையையும் மோட்டாரையும்தான் நம்பியாக வேண்டும்.

என்னிடம் மோட்டார் கிடையாது, டீசல் இன்ஜின். குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கர், பாதியில் கேரட், பாதியில் கிழங்கு. நிலம் என் பெயரில் இல்லை, நிலத்துக்காரர் பெயரிலும் தனியாக இல்லை, அவர் தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டாவில் பதினோரு பேர் இருக்கிறார்கள், அதில் மூன்று பேர் உயிரோடு இல்லை. விவசாய மின் இணைப்புக்கு அலைந்தேன். எங்கே அலைந்தேன், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், பதினோரு பேரின் கையெழுத்தோடு வரச் சொன்னார்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன். ஆக, அந்தக் குளிரில் ஆயில் கெட்டிப்பட்டுக் கிடக்கிற இன்ஜினின் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றுவேன். இரண்டு சுற்றில் ஒருநாளும் பிடிக்காது. மூச்சு வாங்க நிமிர்ந்தால் நேர் மேலே ஹைடென்ஷன் லைன், பனிமூட்டத்தில் ஈரம் பட்டு 'உய்ய்ய்' என்று ரீங்கரித்துக்கொண்டு கீழ்நாட்டுக்குப் போகும். இந்த மலைத் தண்ணீரில் எடுத்த கரண்ட். என் தோட்டத்துக்கு மேலே நாற்பதடி உயரத்தில் போகிறது, நான் டீசல் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் பற்றி நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன என் அப்பா ஒருநாள் சொன்னார்: "தம்பி, கரண்ட் போகுதேன்னு பாக்குற. உன் ஸ்பிரிங்ளர்ல என்ன போகுதுன்னு என்னைக்காவது பாத்தியா?"

அப்பா சேலம் பக்கத்துக்காரர். அணை வேலைக்கு வந்த ஒரு மாமாவைப் பிடித்துக்கொண்டு மலை ஏறியவர், பவர் ஹவுஸில் ஹெல்பராகச் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனவர். நான் வளர்ந்ததெல்லாம் கேம்ப் குவார்ட்டர்ஸில். மற்ற பிள்ளைகள் வீட்டில் காலையில் சாமி கும்பிடுவார்கள், எங்கள் வீட்டில் அப்பா வாசலில் நின்று அணையைப் பார்ப்பார். தண்ணீர் இறங்கியிருந்தால் கரையைச் சுற்றிச் செம்மண் வளையம் தெரியும், அதன் அகலத்தை வைத்தே எத்தனை அடி என்று சொல்லிவிடுவார். இப்போதும் சொல்கிறார். யாரும் கேட்பதில்லை.

அன்றைக்குக் கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் 367 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், நஷ்டமே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் மின்சாரம். இது அவர் தலையில் வாய்ப்பாடு மாதிரி இருக்கிறது. அவலாஞ்சி - எமரால்டு அணைத் தண்ணீர் குந்தா முதல் பவர் ஹவுஸில் விழுந்து குந்தா அணைக்கு வருகிறது, அங்கிருந்து சுரங்கம் வழியாகக் கெத்தை, கெத்தையிலிருந்து பரளி, பரளியிலிருந்து பில்லூர், பில்லூரிலும் ஒரு பவர் ஹவுஸ். கொழும்புத் திட்டம் என்கிற பல நாட்டு உதவி ஏற்பாட்டில் கனடா உதவியோடு கட்டி, 1960 வாக்கில் ஓட ஆரம்பித்த ஏற்பாடு. ஒரே தண்ணீர் நான்கு இடத்தில் வேலை செய்கிறது, அதற்கும் மேலே இருக்கிற மேல்பவானி அணைத் தண்ணீராக இருந்தால் அவலாஞ்சியிலும் சேர்த்து ஐந்து இடம். எமரால்டிலிருந்து பில்லூருக்குக் கீழே வரை மொத்த இறக்கம் 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆயிரம் லிட்டருக்கு நான்கு யூனிட், மிஷினிலும் குழாயிலும் போகிற நஷ்டத்தைக் கழித்தால் மூன்றரை.

"இப்ப உன் தோட்டத்துக்கு வா" என்றார். ஒரு ஏக்கரில் ஒரு இன்ச் தண்ணீர் நிற்கிற அளவுக்குப் பாய்ச்சினால் ஒரு லட்சம் லிட்டர். ஓடையிலிருந்து மேட்டுக்கு 40 மீட்டர் ஏற்றுகிறேன். மின் மோட்டாராக இருந்திருந்தால் அதற்கு இருபது, இருபத்திரண்டு யூனிட் போதும். இன்ஜினில் எட்டிலிருந்து பத்து லிட்டர் டீசல், 800, 900 ரூபாய். சரி. ஆனால் அந்த ஒரு லட்சம் லிட்டரும் என் ஸ்பிரிங்ளருக்கு வராமல் அணைக்குப் போயிருந்தால்? 350 யூனிட்.

நான் தாளை வாங்கித் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 350தான் வந்தது.

இருபத்திரண்டு யூனிட்டுக்காக நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று சர்க்காரும் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அந்த இருபத்திரண்டு யூனிட் தூக்கிக்கொண்டு வருகிற தண்ணீருக்குள் இருக்கிற 350 யூனிட் எந்த நோட்டிலும் இல்லை. மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு, கேரட்டுக்கு மேட்டுப்பாளையம் மண்டியில் தராசு உண்டு. ஓடையில் ஓடுகிற வரைக்கும் தண்ணீருக்கு எதுவும் கிடையாது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு 'அப்ப மலை மேல விவசாயமே பண்ணக் கூடாதுங்கிறியா' என்று யாரும் கிளம்ப வேண்டாம். அப்பாவிடம் நானும் அதைத்தான் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. பாய்ச்சுகிற தண்ணீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, கசிந்து, கீழே அதே ஓடைக்குத்தான் போகிறது, முழுக்கவும் நஷ்டம் இல்லை. ஒரு போகத்துக்குப் பத்து தடவை பாய்ச்சினால் 3,500 யூனிட், யூனிட்டுக்கு 5 ரூபாய் போட்டால் பதினேழாயிரத்துச் சொச்சம். ஒரு ஏக்கர் கேரட் எட்டு டன் வந்து கிலோ 20 ரூபாய்க்குப் போனாலே ஒன்றரை லட்சத்துக்கு மேல். (போனால். போன வருஷம் எனக்குப் போகவில்லை, அது வேறு கதை.) ஆக, காசுக் கணக்குப் போட்டாலும் அந்தத் தண்ணீர் சாப்பாடாவதுதான் லாபம். நான் சொல்ல வருவது, இந்தக் கணக்கை நானும் அப்பாவும் ஒரு காலண்டர் தாளில் போட முடிகிறது, ஆனால் போட வேண்டியவர்கள் யாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து போடுவதில்லை.

உலக அளவில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 2011 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரத்தில் நீர், ஆற்றல், உணவு மூன்றின் பிணைப்பு என்று ஒரு மாநாடு நடத்தினார்கள், அதிலிருந்து 'நெக்சஸ்' என்ற சொல் ஓட ஆரம்பித்தது. உலகத்தில் மனுஷன் எடுக்கிற நல்ல தண்ணீரில் ஏறக்குறைய 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது, தண்ணீரை எடுக்கவும் ஏற்றவும் சுத்தம் செய்யவும் மின்சாரம் வேண்டும், மின்சாரம் எடுக்கத் தண்ணீர் வேண்டும், அதனால் மூன்றுக்கும் தனித்தனியாகக் கொள்கை போடாதே, ஒன்றில் கை வைத்தால் மற்ற இரண்டும் ஆடும் என்பதுதான் சாரம். கேட்கும்போது இதெல்லாம் ஒரு பெரிய கண்டுபிடிப்பா என்றுதான் தோன்றும். குந்தா கேம்பில் பத்து வயசுப் பையனுக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, அரசாணையில் வருவது வேறு.

தனித்தனியாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாபைப் பார்க்கலாம். நெல் நாற்றை மே மாதக் கொளுத்துகிற வெயிலிலேயே நட்டு, நிலத்தடி நீரை உறிஞ்சித் தள்ளுகிறார்கள் என்று 2009இல் ஒரு சட்டம் போட்டார்கள், ஜூன் 10க்கு முன்னால் நடக்கூடாது என்று. தண்ணீருக்கு நல்ல சட்டம். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும், கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் மிஞ்சும், அதற்குள் வயலில் நிற்கிற நெல் தாளை அகற்றச் சுலபமான வழி தீ வைப்பது. அந்த நேரம் பார்த்து அக்டோபர் கடைசியில் காற்றும் நின்றுவிடுகிறது. டெல்லியில் மூச்சு முட்டுவதற்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் தண்ணீர்த் துறை நல்ல மனசோடு போட்ட ஒரு தேதி எங்கே போய் முட்டுகிறது பாருங்கள். குஜராத்தில் 2003இல் வேறு மாதிரி செய்தார்கள். ஊருக்கு ஒரு மின்பாதை, வயலுக்கு ஒரு மின்பாதை என்று பிரித்து, வயலுக்கு எட்டு மணி நேரம், ஆனால் முழு வோல்டேஜில், நேரம் சொல்லிக் கொடுத்தார்கள். விலையைத் தொடவில்லை, நேரத்தைத் தொட்டார்கள். நிலத்தடி நீரை அது மட்டும் காப்பாற்றிவிட்டதா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் மின்சாரக் கம்பியைப் பிடித்துத் தண்ணீரை நிர்வாகம் செய்யலாம் என்பது அங்கே தெரிந்தது.

நம் ஊரில் அந்தக் கம்பியைத் தொட யாருக்கும் தைரியம் கிடையாது, அதற்குக் காரணமும் இருக்கிறது. யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் கட்டணம் ஏறியதற்கே 1970களின் தொடக்கத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைப் பக்கம் விவசாயிகள் எழுந்தார்கள். 1972இல் கோவை வீதிகளில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. அப்புறம் 1984இல் சிறு விவசாயிகளுக்கு, 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்றானது. இன்றைக்கு இருபது லட்சத்துக்கும் மேல் விவசாய இணைப்புகள். 'இலவசத்தை நிறுத்து' என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும், ஏனென்றால் சமவெளியில் ஆயிரம் அடிக்கு போர் போட்டவனுக்கு அந்த இலவசம்தான் வயலையே வைத்திருக்கிறது. ஆனால் ஆயிரம் அடிக்குப் போனதற்கும் அதே இலவசம் ஒரு காரணம். இரண்டும் உண்மை. அதை எப்படி அவிழ்ப்பது என்று எனக்கு ஒரேயடியாகப் பதில் கிடையாது, பணமாகக் கையில் கொடுத்துவிட்டு மீட்டர் வை என்று ஒரு யோசனை இருக்கிறது, பஞ்சாபில் 2018இல் தண்ணீரை மிச்சம் பிடித்தால் காசு என்று விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் ஆரம்பித்தார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடுங்காமல் செய்கிறார்கள்.

சரி, கீழே இறங்குவோம். எங்கள் தண்ணீர் பில்லூரில் நிற்கும்போதே அதற்கு ஒரு பங்காளி சேர்ந்துவிடுகிறான், கோயமுத்தூரின் குடிநீர். பில்லூர்க் குழாய் நின்றால் அந்த ஊரில் பாதி வீட்டில் குடம் உருளும். அதற்குக் கீழே மேட்டுப்பாளையம், அப்புறம் பவானிசாகர், 105 அடி, 32.8 டிஎம்சி, அதில் மாயாற்றுத் தண்ணீரும் சேரும், பைக்காராவில் மின்சாரம் எடுத்துவிட்டு வருகிற தண்ணீர் அது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது, ஒரு முறை பாதிக்கு நெல், மறு முறை அடுத்த பாதிக்கு. இதற்கும் முன்னாலிருந்தே இருக்கிற கொடிவேரி, காலிங்கராயன் வாய்க்கால்கள் வேறு. எமரால்டில் ஒரு மழைத்துளி விழுந்தால் அது எத்தனை பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு விழுகிறது என்று நினைத்தால் பாவமாக இருக்கும்.

இவர்கள் எல்லோருக்கும் தண்ணீர் தேவைப்படுகிற நேரம் வேறு வேறு. பவர் ஹவுஸுக்குச் சாயந்தரம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைதான் தண்ணீர் தங்கம், ஏனென்றால் அப்போது சோலார் படுத்துவிடும், வீட்டுக்கு வீடு ஏசி ஓடும். 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதனால் மேல் அணைகளில் தண்ணீரை ஏப்ரல், மே வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கப் பார்ப்பார்கள். கீழே நெல்லுக்கு ஆகஸ்டில் வேண்டும், குடிநீருக்கு எப்போதும் வேண்டும், வறட்சி வந்தால் மேல் அணையைத் திற என்று கீழிருந்து கடிதம் வரும். திறந்தால் கரண்ட்டும் வரும்தான், ஆனால் வேண்டாத நேரத்தில் வரும். இப்போது போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி - எமரால்டுக்கும் நடுவில் 500 மெகாவாட்டுக்கு ஒரு நீரேற்று மின் நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், பகலில் மிச்சமாகிற கரண்ட்டில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, சாயந்தரம் இறக்கி மின்சாரம் எடுப்பது. ஏற்றி இறக்குவதில் நாலில் ஒரு பங்கு போல வீணாகும், இருந்தாலும் சோலாரைச் சாயந்தரத்துக்கு எடுத்துவைக்க இதைவிடப் பெரிய டப்பா கிடையாது. அப்பாவுக்கு இந்தத் திட்டம் ரொம்பப் பிடிக்கும். எனக்கு ஒரு சந்தேகம்தான்: அணையின் தண்ணீர் மட்டம் தினமும் ஏறி இறங்கினால் கரையோரத் தோட்டக்காரர்களின் குழாய் எங்கே நிற்கும்? ஒரு கூட்டத்தில் இதைக் கேட்டேன். மின்சாரம் தெரிந்தவர் 'அது விவசாயம்' என்றார், விவசாயம் தெரிந்தவர் 'அது அணை' என்றார், இரண்டு பேருமே மரியாதையாகத்தான் சொன்னார்கள், டீயும் கொடுத்தார்கள்.

அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் நினைவிருக்கும். கொங்குப் பக்கத்து மூன்று தலைமுறையின் கனவு. பவானியில் மிச்சமாகிற தண்ணீரைக் கொண்டுபோய்க் காய்ந்த குளங்களை நிரப்புவது. ஆதியில் பேசப்பட்டது பில்லூர்ப் பக்கம் மேலேயே தண்ணீரை எடுத்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடவிடுகிற யோசனை. பல காரணங்களால் அது நடக்காமல் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் 2024 ஆகஸ்டில் திறந்தது காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழேயிருந்து எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலே தள்ளி, 1,045 குளம் குட்டைகளுக்கு ஆண்டுக்கு 1.5 டிஎம்சி கொடுக்கிற திட்டம். அந்தக் குளங்களில் தண்ணீரைப் பார்த்துக் கிழவர்கள் அழுதார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். மிச்சத் தண்ணீரைக் கடைசியில் எடுத்தால்தான் பழைய பாசனக்காரர்களின் உரிமைக்குப் பங்கம் வராது என்பதும் நியாயம். ஆனாலும் அப்பாவின் வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 1.5 டிஎம்சியை ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றவும் சுமார் ஒன்றரைக் கோடி யூனிட். அதே தண்ணீரை 1,500 மீட்டர் இறக்கித்தான் நாம் மின்சாரம் எடுத்தோம். இறக்கியவர் ஒரு துறை, ஏற்றுகிறவர் இன்னொரு துறை, கட்டணம் மூன்றாவது இடத்தில்.

இதைவிட எனக்கு நெருக்கமான விஷயம் மரம். வெளியூர்க்காரர்கள் ஊட்டிக்கு வந்து கற்பூர மரக் காட்டைப் பார்த்து 'ஆஹா என்ன பசுமை' என்பார்கள். நாங்கள் கற்பூர மரம் என்பது யூகலிப்டஸை, சீகை என்பது வாட்டிலை. வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவந்தது, அப்புறம் தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் என்று புல்வெளியில் எல்லாம் நட்டார்கள். புல்வெளி தரிசு என்று நினைத்தார்கள். அது தரிசு இல்லை, பஞ்சு. ஐப்பசி மழையைப் பிடித்துவைத்து மாசியில் சொட்டுச் சொட்டாக விடும். ஊட்டியில் இருக்கிற மத்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்து இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, இன்னொன்றில் கற்பூர மரம் வைத்து, வருஷக்கணக்கில் ஓடைத் தண்ணீரை அளந்தது. மரம் வைத்த பக்கம் முதல் சுற்றில் 16 சதவீதம் தண்ணீர் குறைந்தது. வெட்டி மறுபடி துளிர்த்த இரண்டாவது சுற்றில் ஏறக்குறைய கால்வாசி. விறகு என்கிற எரிசக்திக்காக வைத்த மரம், மின்சாரம் என்கிற எரிசக்தியைக் குடித்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்தது தண்ணீரை அளந்தவர்கள். 2022இல் அயல் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வெளியிட்டது, நல்லது. ஆனால் சீகையை வெட்டினால் தேயிலை ஃபேக்டரிக்கு விறகு எங்கிருந்து வரும் என்று அந்தப் பக்கமும் யாராவது யோசிக்க வேண்டும், பச்சைத் தேயிலையை வாட்டி உலர்த்துவது அந்த விறகில்தான். ஃபேக்டரிச் செலவு ஏறினால் பச்சைத் தேயிலை விலையில் கழிப்பார்கள், அது அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிற என் மாமியார் மடியில் வந்து விழும். மாமியாருக்கு நெக்சஸ் என்ற வார்த்தை தெரியாது, ஆனால் யார் தலையில் வந்து விடியும் என்று தெரியும்.

இனி மண். இதில் நானும் குற்றவாளி. கேரட்டும் கிழங்கும் வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும், அதனால் எங்கள் பக்கம் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடாமல் மேலிருந்து கீழாகப் போடுவார்கள், தண்ணீர் சட்டென்று வடிந்துவிடும். தண்ணீரோடு மண்ணும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் ஓடையில் ஓடியது தண்ணீரே இல்லை, கரைத்த செங்கல் மாதிரி இருந்தது. அதெல்லாம் எங்கே போகும்? குந்தாவில், கெத்தையில், பில்லூரில் உட்காரும். சேறு ஏற ஏற அணையில் தண்ணீருக்கு இடம் குறையும், கொஞ்சம் மழைக்கே நிரம்பி வழியும், பில்லூர் 97 அடியைத் தொட்டால் மேட்டுப்பாளையத்தில் தண்டோரா போடுகிற நிலைமை. தூர்வார வேண்டும் என்ற பேச்சு எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடக்கிறது. வாரிய சேற்றைக் கொட்ட இந்த மலையில் சமமான இடம் எங்கே இருக்கிறது? ஆக, உர மூட்டை போட்டு நான் ஏற்றிவைத்த மேல்மண், எனக்குச் சாப்பாடாகாமல், அப்பாவின் மிஷினுக்குக் கேடாகி, கோயமுத்தூர்க்காரன் குடத்துக்குக் கலங்கலாகப் போகிறது.

சரிவைப் படிப்படியாக வெட்டிப் படிமட்டம் போட்டால் இது குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். 1970களிலிருந்தே மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், இன்றைக்கும் சில சரிவுகளில் அழகாக நிற்கிறது. ஆனால் அது எப்போதும் 'விவசாயிக்கு உதவி' என்ற தலைப்பில்தான் வரும். குத்தகைக்காரன் அடுத்தவன் நிலத்தில் எதற்குப் படி கட்டப்போகிறான்? எனக்கு ரொம்ப நாளாக ஒன்று தோன்றுகிறது, அந்தச் செலவை ஏன் மின்சாரக் கணக்கில் எழுதக் கூடாது? ஒரு அணையைத் தூர்வார ஆகிற கோடிகளில் ஒரு பங்கை, மேலே சரிவில் இருக்கிறவனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் கொடுத்து, மண்ணை அங்கேயே நிறுத்திக்கொள் என்று சொன்னால்? நியூயார்க் நகரம் 1997இல் இதைத்தான் செய்தது. குடிநீருக்குப் பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, மேலே கேட்ஸ்கில் மலையில் மாடு வளர்க்கிறவர்களுக்கும் ஊர்களுக்கும் காசு கொடுத்து ஓடையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மத்திய அரசின் 2008 நீர்மின் கொள்கையிலேயே புதிய திட்டங்களில் 1 சதவீத மின்சாரத்தைச் சுற்றுவட்டார மக்களின் வளர்ச்சிக்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்கள். குந்தாவும் பைக்காராவும் அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியவை, அதனால் அந்த வரி இவற்றுக்கு வராது. பழைய அணைக்கும் அப்படி ஒரு வரி எழுத ஒரு கையெழுத்து போதும். அந்த ஒரு சதவீதத்தில் எத்தனை படிமட்டம், எத்தனை மோட்டார், எத்தனை ஏக்கர் சீகையை எடுத்துப் புல் வைக்கலாம் என்று அப்பாவும் நானும் இன்னொரு காலண்டர் தாளை நாசம் செய்தோம். அதில் கூட்டுப் பட்டாக்காரனும் குத்தகைக்காரனும் சேர வேண்டும் என்பது என் நிபந்தனை. யாரும் கேட்கவில்லை என்றாலும் நிபந்தனை நிபந்தனைதான்.

அது வருகிறபோது வரட்டும் என்று இந்த மே மாதம் தோட்டத்தின் அடிவரப்பில் ஒரு குழி வெட்டினேன், ஆறடி நீளம், மூன்றடி ஆழம். பாத்தியையும் பாதித் தோட்டத்தில் கொஞ்சம் சாய்வாகத் திருப்பிப் போட்டேன். நிலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கேரட் அழுகுனா நான் பொறுப்பில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். நேராகப் போட்ட பாதியில் வழக்கம்போல வந்தது. திருப்பிப் போட்ட பாதியில் கீழ் மூலையில் இரண்டு பாத்தி அழுகித்தான் போனது, மறைக்க மாட்டேன்.

ஜூனில் முதல் பெரிய மழை அடங்கியதும் போய்ப் பார்த்தால் குழி விளிம்பு வரை கறுப்பு மண். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாரி, கூடையில் சுமந்து மேல் பாத்திக்கே கொண்டுபோய்க் கொட்டினேன். அப்பா வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தார், ஒரு கைகூடக் கொடுக்கவில்லை. அறுபத்தி ஏழாவது கூடையில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "போதுமாப்பா?" என்றேன்.

அவர் அணைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "இன்னும் நாலு கூடை இருக்கு" என்றார்.